கட்டைவிரலால் சூரியனை மறைப்பது

மார்ச் 1, ஞாயிறு

கடைசிக் கப்பல் போய்விட்டது. எல்லோரும் வெளியே நின்று கை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை, வானம் பார்க்கும் நேரமாகிவிட்டது. இனி நவம்பரில் விமானம் வரும்வரை இந்த அண்டார்டிகா நிலையத்துக்குள் யாரும் வர முடியாது, வெளியே போகவும் முடியாது. டீசல் மெக்கானிக் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் அழுதுகொண்டிருந்தால் வேலையை யார் பார்ப்பது?

என் வேலை வானத்தைப் பார்ப்பது. காற்றையும் குளிரையும் கருவிகள் அளந்துவிடும். என்ன மேகம், எவ்வளவு தூரம் தெரிகிறது, சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியிருக்கிறதா என்பதற்கெல்லாம் இன்னும் மனிதக் கண்தான் வேண்டும். இருபது வருஷமாக இந்தக் கண்ணுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கப்பல் மறைந்த கொஞ்ச நேரத்தில் முழு வட்டம் கட்டியது. உள்ளோரம் சிவப்பு, வெளியே வெள்ளை. இரண்டு பக்கமும் இரண்டு பொய்ச்சூரியன்கள். கை நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரலைச் சூரியன் மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டது. ஒரு சாண். கணக்கு அச்சாக இருந்தது.

சமையல்காரன் கொம்பையா ஓடிவந்தான். கோவில்பட்டிக்காரன். என்னை விட்டால் இங்கே தமிழ் பேசுகிறவர்கள் அவனும் டாக்டர் ஷபீரும்தான்.

“அண்ணாச்சி, என்னது இது? சாமி படத்துல தலைக்குப் பின்னால போட்டிருப்பாங்களே, அது மாதிரில்லா இருக்கு!”

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல. காத்துல ஐஸ் துகள் மிதக்கு. எல்லாம் ஆறு பட்டை. பள்ளிக்கூடத்துல பென்சில் வச்சிருந்தேல்லா, அந்த மாதிரி. ஒரு பட்டை வழியா நுழையுற வெளிச்சம் ஒண்ணு விட்டு அடுத்த பட்டை வழியா வெளிய வரும். வரும்போது வளைஞ்சு வரும். அதான் வட்டமாத் தெரியுது.”

“நெசமாவே அங்க இருக்கா? இல்ல கண்ணு கூசுறதுனால அப்படித் தெரியுதா?”

நல்ல கேள்வி. எங்கள் வேலையில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். “கட்டைவிரலை நீட்டி சூரியனை மறை. வானத்துல இருக்கிற வட்டம்னா நிக்கும். கண்ணுக்குள்ள இருக்கிற வட்டம்னா சூரியனோட சேந்து அதுவும் போயிரும்.”

மறைத்துப் பார்த்தான். “நிக்குது அண்ணாச்சி!” என்று குதித்தான்.

மகள் தர்ஷினிக்குச் செய்தி அனுப்பினேன். “படம் எங்கப்பா?” என்று பதில் வந்தது. கேமரா எடுத்து வருவதற்குள் வட்டம் கலைந்துவிட்டது. அடுத்த வட்டம் உனக்குத்தான் என்று எழுதினேன்.

பனியில் தெறிக்கும் வெளிச்சத்தில் கண் சிவந்து அரித்தது. மைத்துனன் சுடலைமணி கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டேன். நாங்குநேரியில் மெடிக்கல் வைத்திருக்கிறான். இரண்டு வருஷமாகக் கண் அரித்தால் எனக்கு இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் டோக்கன், வரிசை. அவனிடம் போனால் மருந்தும் கிடைக்கும், டீயும் கிடைக்கும். கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்துவிட்டான். விட்டதும் கண் குளுகுளு என்றாகிவிடுகிறது.

மார்ச் 20, வெள்ளி

புயல். மூன்றாவது நாளாக ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர். பார்க்க ஒன்றுமில்லை, எழுதவும் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 11, சனி

இன்று சமையலறை முறை எனக்கு. இங்கே நிலையத் தலைவர் முதல் எல்லோரும் முறை வைத்துப் பாத்திரம் கழுவ வேண்டும், காய் நறுக்க வேண்டும். வெங்காயம் ஒரு கூடை. நறுக்கி முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். கொம்பையா சிரித்தான்.

“இடது பக்கம் ஒரு குவியலே கிடக்கே அண்ணாச்சி. அதை அடுத்த வருசம் வாறவங்களுக்கு விட்டுவச்சிருக்கீங்களா?”

இருந்தது. வெங்காயத்தில் கண் எரிந்தால் எதுதான் தெரியும்?

சாயங்காலம் கேரம். எதிர்மூலைக் காய்களை எல்லாம் போட்டேன். எனக்குப் பக்கத்து மூலையில் இருந்த சிவப்பைக் கவனிக்கவே இல்லை. டாக்டர் ஷபீர் அதைப் போட்டு ஆட்டத்தை முடித்தார். வாணியம்பாடிக்காரர், தோற்றால் இரண்டு நாள் பேசமாட்டார், ஜெயித்தால் இரண்டு நாள் பேசுவார்.

ஹீட்டர் காற்றில் கண் காய்ந்துபோகிறது. மருந்தை நாலு வேளையாக்கியிருக்கிறேன்.

மே 3, ஞாயிறு

கம்பத்து விளக்கைச் சுற்றி வளையம். வண்ணம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் சின்னது. ஒரு சாண் எல்லாம் இல்லை, கை நீட்டிப் பார்த்தால் மூன்று விரல் அகலம்தான். சிவப்பும் வெளியோரத்தில் இருந்தது. ஐஸ் பட்டை கட்டும் வட்டத்தில் சிவப்பு உள்ளே இருக்கும். இது வேறு வகை. நுண்ணிய மூடுபனி விளக்கை மறைக்கும்போது இப்படி வரும். புத்தகத்திலேயே இருக்கிறது.

குறித்துக்கொண்டேன். என் முறை முடிந்ததும் வானம் பார்க்க வந்த வடநாட்டுப் பையன் அப்படி எதையும் குறிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வானத்தையா பார்க்கிறார்கள், போனைத்தான் பார்க்கிறார்கள்.

மே 24, ஞாயிறு

சூரியன் இன்று அடிவானத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இனி ஜூலை பாதியில்தான். தலைவர் எல்லோரையும் வெளியே நிறுத்திப் படம் எடுத்தார்.

நடைவழிக் கதவு நிலையில் இடது தோள் மறுபடி மோதியது. அந்தக் கதவு வைத்தவன் கையை உடைக்க வேண்டும். கால் இடறிய மிதியடியை நானே சுருட்டி ஓரமாக வைத்தேன்.

வீட்டுக்குப் பேசினேன். மனைவி செல்வியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

“கண்ணு எப்படிங்க இருக்கு? மருந்து போடுதீங்களா?”

“போடுதேன். அது இல்லாட்டா ஒரு நாள் தள்ளாது.”

“தம்பிகிட்டச் சொல்லுதேன், சந்தோசப்படுவான். மாமாவுக்கு நான்தான் கண் டாக்டர்னு கடைக்கு வாற எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதான்.”

மே 30, சனி

நிலாவுக்கு வட்டம் கட்டியிருக்கிறது என்று கொம்பையா கதவைத் தட்டினான். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். காற்றே இல்லை. வைரத்தூள் என்று நாங்கள் சொல்கிற ஐஸ் துகள் முகத்தின் முன்னால் மினுங்கிக்கொண்டு இறங்கியது.

“யம்மாடி, எத்தாம் பெருசு!” என்றான் கொம்பையா.

எனக்கு நிலா தெரிந்தது. நிலாவை ஒட்டிச் சின்னதாக ஒரு வண்ண வளையம் தெரிந்தது. பெரிய வட்டம் எங்கே என்று தலையை இடமும் வலமுமாகத் திருப்பித் தேடினேன். இடது பக்கம் ஒரு துண்டு அகப்பட்டது. வலப்பக்கம் திரும்பியபோது ஒரு துண்டு. இந்தக் குளிர்ச்சட்டையின் முக்காடு சனியன். ஓரமெல்லாம் ரோமம், குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோலப் பக்கத்தில் எதையும் பார்க்க விடமாட்டேன் என்கிறது.

முக்காட்டை ஒரு நிமிஷம் கழற்றிப் பார்த்தேன். காது மரத்துவிட்டது. மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

சாப்பாட்டு அறை விளக்கைச் சுற்றி வளையம். சமையலறை ஆவி வந்திருக்கும்.

குளியலறை விளக்கிலும். வெந்நீர் ஆவி.

என் அறை விளக்கிலும். அறையில் ஆவி ஏது என்று யோசித்தேன். துவைத்த சாக்ஸ் காயப்போட்டிருந்தேன். அதுவாக இருக்கலாம்.

ஜூன் 14, ஞாயிறு

தலைவலி. புருவத்துக்கு மேலே. மருந்து விட்டேன், தூங்கினேன்.

ஜூன் 21, ஞாயிறு

நடு இருட்டு நாள். இன்றோடு இருட்டு பாதி கழிந்தது என்று எல்லா நிலையத்திலும் விருந்து வைப்பார்கள். கொம்பையா விடிந்ததிலிருந்து நின்று பிரியாணி, சேமியா பாயசம், கேக் எல்லாம் செய்திருந்தான். பாட்டு, ஆட்டம். தலைவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து தடுக்கி விழுந்தார்.

கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி விளக்குகளை அணைத்தார்கள். ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் வானவில் நிறத்தில் வளையம். அழகாகத்தான் இருந்தது. வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

“பாத்தியா கொம்பையா, மெழுகுவத்திக்குக்கூட வட்டம் கட்டியிருக்கு.”

கொம்பையா குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “எனக்கு ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி.” பிறகு சிரித்துக்கொண்டே, “எங்க, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி கட்டைவிரலை வச்சு மறைங்க, நிக்குதான்னு பாப்போம்” என்றான்.

“எனக்கே பாடம் எடுக்கியா? போய் அடுப்பைப் பாருல” என்று கத்திவிட்டேன். பாட்டு நின்றுபோனது. நல்ல நாளும் அதுவுமாக அவன் முகம் சுருங்கிவிட்டது. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு வந்தேன்.

கதவைத் தாழிட்டேன். மேசை விளக்கைப் போட்டேன். வளையம் இருந்தது. அறை காய்ந்து கிடந்தது. சாக்ஸ் இல்லை, ஆவி இல்லை, ஒன்றுமே இல்லை. இந்தச் சோதனையை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெளிச்சத்தைப் பார்த்துக் கையை நீட்டினேன். கட்டைவிரலால் பல்பை மறைத்தேன்.

வளையம் போய்விட்டது.

விரலை எடுத்தேன், வந்தது. மறைத்தேன், போனது. வேறு விரலை வைத்துப் பார்த்தேன். இடது கையால் பார்த்தேன். என்னென்னவோ செய்து பார்த்தேன்.

ஜூன் 22, திங்கள்

டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? வானம் பார்க்கிறவனுக்குக் கண் சரியில்லை என்று எழுதுவார். அதற்குப் பிறகு நான் இங்கே யார்? பாத்திரம் கழுவுகிறவன். விமானமும் வராது. தெரிந்துகொண்டு நவம்பர்வரை என்ன செய்வது?

அப்பா ஐம்பத்திரண்டு வயதில் பஸ் ஓட்டுவதை விட்டார். கண் போய்விட்டது என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டில் சோறு எங்கே முடிகிறது என்று விரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு.

பயமாக இருக்கிறது. கண் அரிப்பு வேறு. மருந்து விட்டேன்.

ஜூன் 25, வியாழன்

இன்று நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

கருவிக் கூண்டுக்குப் போகிற வழியெல்லாம் கயிறு கட்டியிருக்கிறது. இருட்டிலும் புயலிலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போவோம். இன்று காற்று இல்லையே என்று கயிற்றைப் பிடிக்காமல் நடந்தேன். பக்கத்தில்தானே இருக்கிறது என்று திரும்பினால் கயிறு இல்லை. நெற்றி விளக்கைச் சுற்றிச் சுற்றி அடித்தேன். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோலத் தெரிந்தது. நிலையத்து விளக்குகள் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. கால் விரல்கள் மரத்தபோது கத்தினேன். வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

கொம்பையாதான் வந்தான். அன்றைக்குத் திட்டியதிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் வெளியே போனால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

“கயிறு உங்க இடுப்புக்குப் பக்கத்துலதான் இருக்கு அண்ணாச்சி” என்றான். என் கையை எடுத்து அதன்மேல் வைத்தான். “வாங்க. டாக்டர்கிட்டப் போறோம். மாட்டேன்னீங்கன்னா தூக்கிட்டுப் போவேன்.”

டாக்டர் ஷபீர் கண்ணை மூடச் சொன்னார். இமைகளின் மேல் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். ஒரு கண், அடுத்த கண். மறுபடி முதல் கண். தன் கண்ணையும் அழுத்திப் பார்த்துக்கொண்டார். கேரம் ஆடுகிற ஷபீர் இல்லை அது.

“கண்ணுக்கு ஏதாவது மருந்து போடறீங்களா சார்?”

கொம்பையா போய் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தான். டாக்டர் ஒரு குப்பியை விளக்கில் பிடித்துப் படித்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். காலிக் குப்பிகளையும் நான் எறியாமல் வைத்திருந்தேன்.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருசமா. இங்க வந்தப்புறம் கூடுதலா.”

“யார் எழுதிக் கொடுத்தது?”

பெட்டியின் மூடியை இழுத்து மூடினேன்.

“இது ஸ்டீராய்டு சார். அரிப்பு அடங்கும், சிவப்பு போகும். ஆனா சில பேருக்குக் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும். உங்களுக்கு ரெண்டு கண்ணும் கல்லு மாதிரி இருக்கு. அந்த பிரஷர்லதான் விளக்கைச் சுத்தி வளையம் தெரியுது. வீட்டுல யாருக்காவது கண்ணு போயிருக்கா?”

“அப்பாவுக்கு.”

அவர் குப்பியை மேசையில் வைத்தார். “ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமே சார். தினமும் என்கூடத்தானே கேரம் ஆடினீங்க.”

நேராகத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, பக்கத்திலிருந்து விரலைக் கொண்டுவந்தார். தெரியும்போது சொல்லுங்கள் என்றார். காத்துக்கொண்டே இருந்தேன். விரல் கிட்டத்தட்ட அவர் காதருகே வந்தபிறகுதான் தெரிந்தது.

“போனது திரும்ப வருமா?” என்று கேட்டேன்.

“இருக்கறதைக் காப்பாத்தலாம். மாத்திரை கொஞ்சம் இருக்கு. ஊருக்குப் போனதும் ஆபரேஷன் பண்ணலாம்.”

“போனது?”

“வராது சார்.”

கொம்பையா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ஜூலை 3, வெள்ளி

மாத்திரையில் விரலெல்லாம் மதமதப்பு, எதைத் தின்றாலும் தகரம் தின்ற ருசி. சொட்டு மருந்தைக் குப்பையில் போட்டாயிற்று. வானம் பார்க்கும் வேலையை வடநாட்டுப் பையனுக்கு மாற்றிவிட்டார்கள். தலைவர் தோளில் கைபோட்டு, “ரெஸ்ட் எடுங்க” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இன்று காலை விளக்கைப் போட்டேன். வளையம் இல்லை. வெறும் பல்பு. கொம்பையாவிடம் சொன்னேன். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் கேசரி கிண்டிவிட்டான். எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். சரியாகவில்லை, பிரஷர் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? தகர ருசியோடு இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

ஜூலை 10, வெள்ளி

செல்வி பேசினாள். மருந்து தீர்ந்துபோயிற்றா, நவம்பரில் வருகிற ஆள் கையில் தம்பி இன்னொரு பெட்டி கொடுத்துவிடவா என்று கேட்கிறான் என்றாள்.

“வேண்டாம். நிறைய இருக்கு.”

“கண்ணு நல்லா இருக்குல்லா?”

“இருக்கு.”

அவளிடம் என்ன சொல்ல? உன் தம்பி பாசமாகக் கொடுத்தது என் கண்ணைத் தின்றுவிட்டது என்றா? ஊருக்குப் போனால் தெரியத்தான் போகிறது. அதுவரைக்குமாவது அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். போனை வைத்த பிறகு அழுதேன். கண்ணீர் வருகிறது. அதற்குக் குறைச்சல் இல்லை.

ஜூலை 19, ஞாயிறு

சூரியன் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. நான் போகவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, செவ்வாய்

கொம்பையா சமையலறைக்குள் வந்து என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி வைத்தான். “வாங்க அண்ணாச்சி. வட்டம் கட்டியிருக்கு.”

“எனக்கு எதுக்கு?”

“பாப்பாவுக்குப் படம் அனுப்புதேன்னு சொன்னீங்கல்லா?”

கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். வெளியே எல்லோரும் நின்றிருந்தார்கள். சூரியன் அடிவானத்தை விட்டு ஒரு விரல்கூட ஏறவில்லை. ஆரஞ்சு நிறம். எவ்வளவு மாதம் கழித்துப் பார்க்கிறேன்.

சூரியன் மட்டும்தான் தெரிந்தது.

“பனியிலேருந்து கிளம்பி மேல போய் அந்தப் பக்கம் இறங்குது அண்ணாச்சி. கோயில் வளைவு மாதிரி. ரெண்டு பக்கமும் ரெண்டு சூரியன். தெரியுதா?”

கையை நீட்டினேன். கட்டைவிரலைச் சூரியன் மேல் வைத்து விரல்களை விரித்தேன். வட்டம் இருக்க வேண்டிய இடம் சுண்டுவிரல் நுனி. இருபது வருஷமாகத் தெரிந்த இடம். சுண்டுவிரலே தெரியவில்லை. கட்டைவிரல் தெரிந்தது, அதன் அடியில் கொஞ்சம் உள்ளங்கை தெரிந்தது, அதற்கு அப்பால் என் கையே இல்லை.

தலையைத் திருப்பினேன். இடது பொய்ச்சூரியன் வந்தது, நடுச்சூரியன் போனது. வலது பக்கம் திரும்பினேன். அது வந்தது, இது போனது. அண்ணாந்து பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாக வளைவின் ஒரு துண்டு. அடையாளம் தெரிந்தது. துண்டு துண்டாக எல்லாம் அங்கேதான் இருந்தன.

“நிக்குதா அண்ணாச்சி?” என்று கொம்பையா மெல்லக் கேட்டான்.

“நிக்கு” என்றேன். “இது நெச வட்டம்.”

அவன் தன் போனில் படம் எடுத்து என் கையில் கொடுத்தான். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தேன். அதில் எல்லாம் இருந்தது. நடுவில் சூரியன், இரண்டு பக்கமும் இரண்டு, மேலே முறியாத வளைவு. ஒரே பார்வையில் முழுசாகத் தெரிந்தது. தீப்பெட்டி அளவு.

தர்ஷினிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. “அய்யோ, சூப்பர்ப்பா! நேர்ல பாக்க ரொம்பப் பெருசா இருக்குமா?”

கையுறையைக் கழற்றிவிட்டு, மதமதத்த விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன்.

“ரொம்பப் பெருசும்மா. கண்ணுக்குள்ள அடங்கவே இல்ல.”